விறகுக் கணப்பும் மின் ஹீட்டரும்: ஒரே வீட்டில் அளந்து பார்த்த கணக்கு

விறகு மாஸ் ஹீட்டர் கட்டலாமா, மின் ஹீட்டரே போதுமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு டிகிரிக்கு உங்கள் வீடு எத்தனை வாட் சூட்டை இழக்கிறது? இந்த எண் கையில் இல்லாமல் எந்தக் கணப்பைப் பற்றிப் பேசினாலும் அது வெறும் அபிப்ராயம். எங்களுக்கும் முதலில் அபிப்ராயம் மட்டும்தான் இருந்தது. எண் கிடைத்த பிறகு நாங்கள் செய்ய நினைத்த வேலைகளின் வரிசையே மாறிப்போனது, அதனால்தான் இதை முழுதாக எழுதுகிறேன்.

மாஸ் ஹீட்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: செங்கல், கல், களிமண் சாந்து வைத்து டன் கணக்கில் கனமாகக் கட்டிய கணப்பு அது. உள்ளே விறகு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நன்றாகக் கொழுந்துவிட்டு எரியும். புகை நேராகப் புகைபோக்கிக்குப் போகாமல் கட்டுமானத்துக்குள்ளேயே மேலும் கீழும் வளைந்து போய், தன் சூட்டைக் கல்லிடம் கொடுத்துவிட்டு வெளியேறும். தீ அணைந்த பிறகும் 12 மணி நேரத்துக்கு மேல் கல் அந்தச் சூட்டை மெதுவாக வீட்டுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். இது புது யோசனை இல்லை. விறகுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஸ்வீடன் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் 1767-ல் கார்ல் யோகன் க்ரோன்ஸ்டெட்டும் ஃபேபியன் வ்ரேடேவும் வளைந்த புகைவழிகள் கொண்ட, ஓடு பதித்த கணப்பை வடிவமைத்தார்கள். ரஷ்யாவிலும் பின்லாந்திலும் இதன் உறவுக்கார வடிவங்கள் இன்றும் எரிகின்றன. கொரியாவின் ஒண்டோல் இதே வேலையைத் தரைக்கு அடியில் செய்கிறது. நம் காலத்தில் அமெரிக்காவின் ஓரிகானில் இருந்து யான்டோ எவன்ஸ் பரப்பிய ராக்கெட் மாஸ் ஹீட்டரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். எரிப்பதை வேகமாகவும் சூடாகவும் எரித்து முடித்துவிடு, கிடைத்த சூட்டைக் கனத்தில் சேமித்துக்கொள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

எங்கள் வீடு ஒரே தளம், சுமார் 90 சதுர மீட்டர், மரச்சட்டச் சுவர்கள், இருப்பது இரண்டு பேர். முதல் குளிர்காலம் முழுக்க மின் ஹீட்டர்தான். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர்கள், அறைக்கு ஒன்று, எல்லாவற்றிலும் தெர்மோஸ்டாட் 20 டிகிரியில். அப்போது எனக்குப் புரிந்த ஒரு விஷயம் இந்த ஆய்வுக்கே அச்சாணி. சாதாரண மின் ஹீட்டர் தனக்குள் வரும் மின்சாரம் முழுவதையும் சூடாக மாற்றிவிடுகிறது, அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல், அவ்வளவுதான். அப்படியானால் மின் ஹீட்டரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் மின் மீட்டரே வெப்ப மீட்டர்! வேறெந்தக் கருவியும் வாங்காமலேயே வீட்டின் வெப்ப இழப்பை அளந்துவிடலாம்.

வெளியே சராசரியாக 0 டிகிரி, மேகமூட்டம், பெரிய காற்றில்லை என்று ஒரு வாரம் வாய்த்தது. வெயில் கணக்கைக் குழப்பவில்லை. ஹீட்டர்கள் ஒரு நாளைக்கு 72 யூனிட் எடுத்தன. ஃபிரிட்ஜ், விளக்கு, சமையல் என்று மற்றவை 12 யூனிட், அதுவும் கடைசியில் வீட்டுக்குள் சூடாகத்தான் போய்ச் சேருகிறது. ஆக 84 யூனிட். 24 மணி நேரத்தால் வகுத்தால் 3.5 கிலோவாட், 20 டிகிரி வித்தியாசத்தால் வகுத்தால் டிகிரிக்கு 175 வாட். மனித உடலும் உட்கார்ந்திருக்கும்போது சுமார் 100 வாட் தரும், அதை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண் கொஞ்சம் கூடும், முடிவு மாறாது.

அந்த 175-ஐப் பார்த்ததும் கணப்பு கட்டும் யோசனையைத் தள்ளிவைத்தோம். சூடு வெளியேறாமல் தடுக்கக் கூரைக்கு மேல் போட்டிருந்த காப்பு மெல்லியது, அங்கங்கே விலகியும் கிடந்தது. கதவின் அடியில் கை வைத்தால் காற்று தெரிந்தது. கூரைக் காப்பைக் கனமாக்கினோம், கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்தோம், மேலே போகும் குழாய்களையும் வயர்களையும் சுற்றியிருந்த ஓட்டைகளை மூடினோம். இதே மாதிரி இன்னொரு வாரத்தில் மறுபடி அளந்தபோது டிகிரிக்கு 130 வாட் வந்தது. அதாவது அதே 0 டிகிரி நாளுக்கு ஹீட்டர்களின் செலவு 72 யூனிட்டிலிருந்து 50 யூனிட்டாக இறங்கிவிட்டது. ஒரு விறகும் எரிக்காமல், ஒரு செங்கலும் அடுக்காமல், தினமும் 22 யூனிட் மிச்சம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கணப்பு கட்டிய பலர், கணப்பால் கிடைத்த லாபத்தையும் அதோடு சேர்த்துச் செய்த காப்பு வேலையால் கிடைத்த லாபத்தையும் ஒன்றாகப் போட்டுக் கணப்புக்கே எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம்தான் கணப்பு கட்டினோம். எடை இரண்டரை டன். மரத்தளம் போட்ட வீடுகளில் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவில்தான் தாங்கும்படி கணக்கிடப்படுகிறது, எங்கள் கணப்போ ஒன்றரைச் சதுர மீட்டரில் இரண்டரை டன். அதனால் தளத்தை வெட்டி, மண்ணிலிருந்தே தனியாக அஸ்திவாரம் போட வேண்டியிருந்தது. உள்ளே தீ எரியும் பகுதி தீச்செங்கல், வெளிக்கூடு சாதாரணச் செங்கல், இரண்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. இந்த இடைவெளி முக்கியம். உள்பகுதி சூட்டில் விரியும்போது வெளிக்கூட்டைத் தள்ளக் கூடாது, தள்ளினால் விரிசல் விழும், விரிசல் வழியாகப் புகை வரும். கட்டி முடித்த கையோடு பெரிய தீ போடவும் கூடாது. சாந்துக்குள் இருக்கும் தண்ணீர் நிதானமாக வெளியேற வேண்டும், அதனால் முதல் சில வாரம் சுள்ளியை மட்டும் போட்டுச் சின்னச் சின்னத் தீயாக எரித்தோம்.

இந்த இரண்டரை டன் எவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்கும்? செங்கலின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு, டிகிரிக்கு, சுமார் 0.85 கிலோஜூல். பெருக்கிப் பார்த்தால் மொத்தக் கட்டுமானமும் ஒரு டிகிரி ஏற 0.6 யூனிட் வேண்டும். சராசரியாக 40 டிகிரி ஏற்றினால் 24 யூனிட் சேமிப்பு. காலையில் ஒரு தீ, மாலையில் ஒரு தீ என்றால் எங்கள் 50 யூனிட் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. காப்பு வேலைக்கு முந்தைய 72 யூனிட் வீட்டுக்கு இதே கணப்பு போதாமல் போயிருக்கும், நாங்களும் இன்னொரு டன் கட்டியிருப்போம்.

முதல் மாதம் ஏமாற்றம்தான். கண்ணாடிக் கதவு கறுத்தது, புகைபோக்கியிலிருந்து வெள்ளையும் சாம்பலுமாகப் புகை தொடர்ந்து வந்தது, ஒரு நாளைக்கு 28 கிலோ விறகு போயும் வீடு சுமாராகத்தான் சூடேறியது. நன்றாகக் காய்ந்த விறகு என்று சொல்லித்தான் விற்றார்கள். நடுக்கட்டையைப் பிளந்து உள்பக்கத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளாக ஒரு கிலோ எடுத்து, மின் அடுப்புப் பெட்டியில் 105 டிகிரியில், பக்கத்திலேயே இருந்து, எடை இனி குறையாது என்கிற வரை உலர்த்தினேன். 680 கிராம்தான் மிஞ்சியது. அப்படியானால் அதில் 32 சதவீதம் தண்ணீர். இங்கே ஒரு எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் ஈரமானிகள் பெரும்பாலும் உலர்ந்த மரத்தின் எடையை வைத்துச் சதவீதம் காட்டும், விறகுக்காரர்கள் பேசுவதோ மொத்த எடையை வைத்து. மொத்த எடையில் 20 சதவீதம் ஈரம் என்பது அந்த மானியில் 25 என்று தெரியும். இரண்டையும் குழப்பிக்கொண்டு சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன், இரண்டு தரப்பும் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஈரம் இரண்டு வழியில் அடிக்கிறது. ஒன்று நேரடி இழப்பு: ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்கச் சுமார் 0.7 யூனிட் போகிறது, அது புகைபோக்கி வழியே வெளியே போய்விடும். ஆனால் பெரிய அடி இரண்டாவதுதான். விறகு சூடாகும்போது முதலில் வாயுக்களாகப் பிரிகிறது, அந்த வாயுக்கள் முழுதாக எரிய அடுப்பின் உள்வெப்பம் 600 டிகிரிக்கு மேலே வேண்டும். ஈர விறகு அந்தச் சூட்டை எட்டவே விடாது. எரியாத வாயு புகையாகப் போகிறது, அதில் ஒரு பங்கு குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தாராகப் படிகிறது, பின்னொரு நாள் அந்தத் தாரே தீப்பிடிக்கிறது. புகைபோக்கித் தீ என்று கேள்விப்படும் பலவற்றின் பிறப்பிடம் இதுதான். நாங்கள் அந்த விறகை ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, வேறிடத்தில் முந்தைய வருடமே பிளந்து காற்றாட அடுக்கிய விறகு வாங்கினோம். அதில் ஈரம் 18 சதவீதம். கண்ணாடிக் கதவு சுத்தமாக நின்றது, தீ பிடித்துப் பத்து நிமிடத்துக்குப் பிறகு புகைபோக்கி வாயில் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, ஒரு நாளைக்கு 18 கிலோ போதுமாக இருந்தது.

இப்போது மின் மீட்டர் கற்றுக்கொடுத்த அளவுகோலை விறகுக்கு வைத்துப் பார்க்கலாம். 18 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ விறகில் சுமார் 4 யூனிட் இருக்கிறது, 18 கிலோவுக்கு 72 யூனிட். வீட்டுக்கு 50 யூனிட் தேவை, ஆக 70 சதவீதத் திறன் என்று முதலில் எழுதி வைத்தேன். அது தவறு. கணப்பு இருக்கும் கூடம் 22 டிகிரியில் இருந்தது உண்மை, ஆனால் கடைசிப் படுக்கையறை 16-ல் கிடந்தது. வீட்டின் சராசரி 19 டிகிரிதான். 19 டிகிரிக்கு வீடு இழப்பது 59 யூனிட், மற்ற மின்சாதனங்கள் தந்த 12-ஐக் கழித்தால் கணப்பு தந்தது 47. ஆக 65 சதவீதம். ஈர விறகு எரித்த நாட்களை இதே முறையில் போட்டால், கிலோவுக்கு 3.3 யூனிட் வீதம் 28 கிலோவில் 92 யூனிட் உள்ளே போய் 47 வெளியே வந்திருக்கிறது, பாதிதான். இந்தக் கணக்கில், எரியும்போது கணப்பு வீட்டிலிருந்து உறிஞ்சி வெளியே தள்ளும் சூடான காற்றின் இழப்பும் அடங்கிவிடுகிறது. ஆய்வகச் சோதனைத் தாளில் இருக்கும் திறன் எண் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின் ஹீட்டர் 100 சதவீதம், கணப்பு 65, அப்படியானால் மின்சாரம் ஜெயித்துவிட்டதா என்றால், அந்த 100 வீட்டுச் சுவரோடு முடிந்துபோகிறது. நிலக்கரியை எரித்து வரும் மின்சாரமாக இருந்தால் மின் நிலையத்திலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சூடு வீணாகியிருக்கும். நமக்கு 50 யூனிட் கிடைக்க அங்கே 140, 150 யூனிட் எரிபொருள் போயிருக்கும். நீர்மின்சாரமோ காற்றாலையோ என்றால் இந்தக் கணக்கே வேறு. அதனால் இதற்கு எல்லோருக்குமான விடை கிடையாது, உங்கள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் சொல்லவே முடியாது.

சரி, எண்களை விட்டுவிட்டு நேரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் அங்கேதான். மின் ஹீட்டர் கேட்டபோது தரும், நிறுத்தச் சொன்னால் நிறுத்தும். கணப்பு அப்படியில்லை. மாலை 6 மணிக்குத் தீ போட்டால் வெளிச்சுவர் உச்ச சூட்டுக்கு, எங்களுடையதில் சுமார் 55 டிகிரிக்கு, வர இரவு 10 மணியாகும். காலையில் தொட்டால் 38 இருக்கும். அதாவது இன்று மாலை நான் முடிவு செய்வது நாளைக் காலையின் சூட்டை. நடுக்குளிர்காலத்தில் இது அற்புதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் நாளையும் இன்று போலத்தான் இருக்கும். குளிர் விலகும் மாதத்தில் இதுவே தொல்லை. காலை 2 டிகிரி என்று தீ போட்டுவிட்டு, மதியம் வெயில் வந்து 15 ஆனால், இரண்டரை டன் சூட்டை அணைக்க வழியில்லை, ஜன்னலைத் திறந்து வெளியே விட வேண்டியதுதான். அப்படி விட்ட நாட்களில் திறன் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

உடம்புக்கு எது இதமாக இருக்கிறது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை, கணப்புதான். கூடத்தில் காற்று 19 டிகிரியாக இருந்தாலும் சூடான பெரிய சுவர் ஒன்று பக்கத்தில் இருந்தால் உடல் அதை 21, 22 என்றே உணர்கிறது. உடல் உணர்வது காற்றின் சூட்டையும் சுற்றியுள்ள பரப்புகளின் சூட்டையும் ஏறக்குறைய சரிபாதியாகக் கலந்ததைத்தான். ஆனால் இதில் விறகுக்கென்று தனி மகிமை ஒன்றும் இல்லை. கனமான சூடான பரப்பு செய்கிற வேலை அது. மின்சாரத்தால் சூடாகும் செங்கல்லும் அதையே செய்யும். பிரிட்டனில் 1978-ல் எகானமி 7 என்ற இரவுக் கட்டணம் வந்தபோது பரவிய சேமிப்பு ஹீட்டர்கள், இரவில் செங்கலைச் சூடாக்கிப் பகலில் விடுபவைதான். கனம் வேறு, விறகு வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டதுதான் இந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய தெளிவு.

மின்வெட்டு வந்த இரண்டு நாள் கணப்பின் நாட்கள். மின்விசிறி, பம்ப், தெர்மோஸ்டாட் எதுவும் அதற்கு வேண்டாம், அக்கம்பக்கத்து வீடுகள் உறைந்துபோயிருக்க எங்கள் கூடம் 20-க்குக் கீழே போகவில்லை. ஆனால் நாங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லாதபோது குழாய்கள் உறையாமல் வீட்டை 10 டிகிரியில் பார்த்துக்கொண்டது மின் ஹீட்டர். ஆள் இல்லாத வீட்டில் கணப்பால் ஒன்றும் செய்ய முடியாது. திரும்பி வந்து கணப்பை மூட்டி வீடு பழைய நிலைக்கு வர முழுதாக ஒரு நாள் பிடித்தது, அந்த ஒரு நாளைத் தாங்கியதும் ரேடியேட்டர்கள்தான்.

உழைப்பைப் பற்றி யாரும் நேர்மையாகப் பேசுவதில்லை. ஒரு குளிர்காலத்துக்கு எங்களுக்கு 2 டன்னுக்கு மேல் விறகு வேண்டும். பிளந்த விறகு சரியாகக் காய மர வகையைப் பொறுத்து ஒன்று முதல் இரண்டு வருடம் ஆகும் என்பதால் எப்போதும் இரண்டு வருடத்து விறகு, அதாவது 4 டன், மேலே கூரையோடும் பக்கங்களில் காற்றோடும் அடுக்கி வைக்க இடம் வேண்டும். பிளப்பது, அடுக்குவது, தினமும் இரண்டு முறை மூட்டுவது, சாம்பல் அள்ளுவது, வருடம் ஒருமுறை புகைபோக்கி சுத்தம் செய்வது. எனக்கு இது பிடித்த வேலை. ஆனால் காய்ச்சலில் படுத்த நான்கு நாள் கணப்பு குளிர்ந்துதான் கிடந்தது. முதுமை, முதுகுவலி, பகல் முழுக்க வெளியே வேலை என்று எது இருந்தாலும் இதை மட்டும் நம்பி வீட்டைச் சூடாக்க நினைக்காதீர்கள்.

பாதுகாப்பில் இரண்டும் கவனம் கேட்கின்றன. முதல் குளிர்காலத்தில் ஒரு 2,000 வாட் ஹீட்டரை நீட்டிப்பு வயரில் செருகி வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் பிளக்கின் ஓரம் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. ஹீட்டர் என்றால் சுவர் சாக்கெட்டில் நேராகத்தான், ஒரு சர்க்யூட்டில் ஒன்றுதான். கணப்பில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. தீ அணைந்ததும் சூடு புகைபோக்கி வழியே போய்விடாமல் அடைப்பானை மூடுவார்கள், கங்கு இன்னும் கனன்றுகொண்டிருக்கும்போது மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு வாசனையில்லை, நிறமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். கங்கு முழுதாகச் சாம்பலாகும் வரை அடைப்பானைத் தொடாதீர்கள். படுக்கும் அறைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் முதல் தீயே போடாதீர்கள்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த விறகை வேகமாக எரிக்கும் மாஸ் ஹீட்டர், காற்றைக் குறைத்து இரவு முழுக்கப் புகைய விடும் சாதாரண இரும்பு அடுப்பைவிடப் பல மடங்கு சுத்தம். ஆனாலும் நுண்துகள் வெளியே போகத்தான் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பிஎம் 2.5 துகளுக்கான ஆண்டு சராசரி வரம்பைக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று இறக்கியிருக்கிறது, நெருக்கமான குடியிருப்பில் ஆளுக்கொரு கணப்பு வைத்தால் அந்த வரம்பை நினைத்தும் பார்க்க முடியாது. வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் இடத்தில் நான் கணப்பைப் பரிந்துரைக்கவே மாட்டேன், எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் சரி. மரம் மறுபடி வளரும் என்பதும் அப்படியே விழுங்கக்கூடிய வாதமில்லை. ஒரு மணி நேரத்தில் எரிந்த கட்டையின் கரியமில வாயுவை இன்னொரு மரம் திரும்ப எடுத்துக்கொள்ளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இவ்வளவு எழுதிய பிறகு ஹீட் பம்பை விட்டுவிட்டால் கணக்கு நேர்மையாக இருக்காது. ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து எடுத்து உள்ளே தள்ளுகிறது, அதனால் 0 டிகிரியில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் சூடு என்பது நியாயமான எதிர்பார்ப்பு. எங்கள் 50 யூனிட் தேவை 20 யூனிட்டாக இறங்கிவிடும். கடுங்குளிரில் அந்த இரண்டரை 2-க்கும் கீழே போகலாம், சரியாகச் சூடு அதிகம் வேண்டிய நாளில் அது திணறும். அந்த நாட்களுக்குத்தான் கணப்பு.

ஆக இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இது. குளிர் தொடங்கும், விலகும் மாதங்களில் மின் ஹீட்டர் மட்டும். வெளியே பகலிலும் 5 டிகிரிக்கு மேல் ஏறாத நாட்களில் கணப்பு, கூடவே கடைசிப் படுக்கையறைக்கு மட்டும் ஒரு ரேடியேட்டர், தினமும் 4 யூனிட் அளவில். கூடத்து ரேடியேட்டரை எடுத்துவிட்டு அங்கே ஹீட் பம்ப் வைக்கப்போகிறோம், வேலை அடுத்த கோடையில். கணப்பில் ஒரு திருத்தம் பாக்கியிருக்கிறது: எரிவதற்கான காற்றை வீட்டிலிருந்து உறிஞ்சாமல் வெளியிலிருந்தே எடுக்க, தளத்துக்கு அடியில் ஒரு குழாய். அஸ்திவாரம் போட்ட அன்றே வைத்திருந்தால் அரை நாள் வேலை. அது முடிந்ததும் மறுபடி ஒரு 0 டிகிரி வாரத்துக்காகக் காத்திருந்து, விறகை எடை போட்டு, 65 எங்கே போய் நிற்கிறது என்று அளந்து பார்ப்பேன். முதல் வருடம் வாங்கிய அந்த ஈர விறகு இப்போது 17 சதவீதத்துக்கு வந்துவிட்டது, அந்த அளவீட்டுக்கு அதையேதான் எரிக்கப்போகிறேன்.